ஏழாம் பக்கத்தில் அவன் பேர்

1

சலவைக்கடை முதலாளியம்மாவுக்கு, மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், இரண்டு மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மகளும் மருமகனும், பிறந்து பதினேழு நாளான நம் பேத்தியும் அதேபோல இருக்க வேண்டும். படம் பார்த்தேன். மூக்கு என் மூக்கு. பாவம்.

போனில் பேசாமல் எதற்கு இந்த மனுஷன் தாள் வாங்கி எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் மகள் கையில் இருக்கிறது. எடுத்ததுமே, "அப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க" என்கிறாள். நான் கேட்க வந்தது ஸ்பீக்கரில் போடுகிற சங்கதி இல்லை. அதுவும் போக, கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு, விடுவேனா?

செவ்வாய்க்கிழமை பெரிய மெஷின் நின்றுபோனது. உள்ளே ஆஸ்பத்திரி விரிப்பு முப்பது, சோப்பு நுரையோடு. நம் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தெருமுனை ஆஸ்பத்திரி விரிப்பால்தான். இரண்டு நாள் விரிப்பு போகவில்லையென்றால் வேறு கடைக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா? பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பெல்ட் அறுந்து சுருண்டு கிடந்தது. அந்த மெஷின் வாங்கிய அன்று நீ அதற்குப் பொட்டு வைக்கிற மாதிரி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாய், அது இன்னும் இருக்கிறது. சரி, அதை விடு.

என்ன செய்வதென்று நின்றபோதுதான் உன் நோட்டு ஞாபகம் வந்தது. வியாபாரிகள் சங்கத்தில் நாலு மதியம் வகுப்புக்குப் போய்விட்டு வந்து எழுதினாயே, இடைஞ்சல் வந்தாலும் சின்னக் கடை நிற்காமல் நடக்க என்ன செய்ய வேண்டும் என்று. அன்றைக்குச் சாப்பிடும்போது, "கடை தீப்பிடிச்சா முதல்ல எதை எடுப்பீங்க?" என்று கேட்டாய். நான் ஆசையாக, "உன்னைத்தான்" என்றேன். நீ, "வாடிக்கைக்காரங்க துணிய எடுங்க, நான் நடந்து வருவேன்" என்று சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டாய். அன்றிலிருந்தே அந்த நோட்டின் மேல் எனக்குக் கோபம்.

மூன்றாம் பக்கம், மெஷின் நின்றால். மாற்று பெல்ட் சோப்புத் தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று போட்டிருந்தது. இருந்தது. மெக்கானிக் நம்பர் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மெஷின் ஓடியது. சரி, உனக்கு ஒரு மார்க் போடுகிறேன்.

மெஷின் அலசி முடிக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்து மேலே புரட்டினேன். நாலு, தண்ணீர். ஐந்து, மின்சாரம். ஆறு, ஆவணம். ஏழில் உன் குண்டு குண்டு எழுத்தில் ஒரு தலைப்பு. "அவர் இல்லாவிட்டால்." அதற்குக் கீழே, "கடைச் சாவி ஒன்று எதிர்க்கடைக்காரரிடம் இருக்கிறது. அவரே திறந்து, ஆஸ்பத்திரி விரிப்பை முதலில் முடிக்கவும்."

மூன்று தடவை படித்தேன். இல்லாவிட்டால் என்றால் எங்கே இல்லாவிட்டால்? டீ குடிக்கப் போனாலா? இல்லை, ஒரேயடியாகவா? இந்த எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். சோப்பு உறையை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாய். இதைப் படிப்பதற்காகவா?

உலகத்தில் ஆளே கிடைக்கவில்லையா? எதிர் இஸ்திரிக்கடைச் சீப்புதான் கிடைத்தானா? சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் அவனை யாராவது பார்த்திருக்கிறார்களா? காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலை சீவுவது. நாற்பத்தொன்பது வயதில் அந்த முடி எதற்கு ஒருத்தனுக்கு? வீட்டில் பார்க்கவும் ஆள் இல்லை. தனிக்கட்டை. என்னை "அண்ணே" என்கிறான். அண்ணன் பெண்டாட்டியை அண்ணி என்று கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? "மேடம், சௌக்கியமா மேடம், சுருக்கம் போயிடுச்சா பாருங்க மேடம்." நம் கடைத் துணியை நீ எதற்கு அவனிடம் தேய்க்கக் கொடுத்தாய் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

என் வயிறு எரிகிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தச் சாவி அவனிடம் எத்தனை நாளாக இருக்கிறது? எந்தப் பையில் வைத்திருக்கிறான், சீப்பு இருக்கிற பையிலா? நீ ஏன் என்னிடம் வாய் திறக்கவில்லை?

இதற்கெல்லாம் பதில் எழுது. போனில் சொல்லாதே. குழந்தைக்குக் காற்று படாமல் பார்த்துக்கொள். மகளை நன்றாகச் சாப்பிடச் சொல். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும், என்னைத் தவிர வேறு ஆள் தேடுகிறவர்கள் உட்பட.

இன்னும் இருக்கிற,
உன் வீட்டுக்காரன்

2

என் வீட்டுக்காரிக்கு, முனை ஆஸ்பத்திரி நாலாம் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். மகள் போனில் சொல்லியிருப்பாள். பயப்படாதே. வலது கால் முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டிருக்கிறது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். காலைத் தவிர மற்றதெல்லாம் உன்னிடம் கொடுத்தபடியே இருக்கிறது.

எப்படி விழுந்தேன் என்று கேட்பாய். ஷட்டர் பக்கத்து பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினேன். கீழே சோப்புத் தண்ணீர். அவ்வளவுதான். டாக்டர் நல்ல மனுஷன், பேசிக்கொண்டே காலை இழுத்துவிட்டார். காலோடு சேர்த்து நெஞ்சையும் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒன்றுமில்லாததற்கு எதற்கு மாத்திரை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், வயிற்றில் ஆபரேஷன். அவர் கொட்டாவி விட்டால் வார்டே கொட்டாவி விடுகிறது. நேற்று பெரிய நர்ஸே வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நல்ல பேச்சுத்துணை, ஆனால் பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார், மீதியை நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

உன் திட்டம் பலிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் விழுந்த மறுநாள் காலையிலேயே சீப்பு, நீ கொடுத்த சாவியை எடுத்துக்கொண்டு நம் கடைக்குப் போயிருக்கிறான். திறக்கவில்லையாம். பழைய பூட்டு, எங்காவது சிக்கியிருக்கும். நேராக இங்கே வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தான். ஜன்னல் கண்ணாடியில் பார்த்து ஒரு தடவை தலை சீவிக்கொண்டான். அப்புறம், "அண்ணே, மேடம் போன் பண்ணாங்க. சாவி சேரலேண்ணே. வேற சாவி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான்.

மேடம் போன் பண்ணினாங்களாம். எனக்குப் பண்ணும்போது ஸ்பீக்கர். அவனுக்குப் பண்ணும்போதும் ஸ்பீக்கர்தானா? இதற்குப் பதில் எனக்கு வேண்டும்.

வேறு சாவி இல்லை என்று சொல்லிவிட்டேன். என் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீயும் கேட்காதே.

விரிப்பு போகாமல் இன்றைக்கு இரண்டாம் நாள். ஆஸ்பத்திரியில் விரிப்பு தீர்ந்துவிட்டது. நான் விழுந்த அன்று துவைத்த அடுத்த முப்பது விரிப்பும் நம் கடைக்குள்ளே மடித்தபடி கிடக்கிறது, வெளியே பூட்டு. காலையில் என் விரிப்பையும் அழுக்கென்று உருவிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் ரெக்சின் மெத்தையில் படுத்திருக்கிறேன். முதுகு ஒட்டிக்கொள்கிறது. பெரிய நர்ஸ் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "நீங்க நம்ம ஆளுதான், இல்லேங்கல. ஆனா நாளைக்குக் காலையில விரிப்பு வரலேன்னா வேற கடைக்குச் சொல்லிடுவேன். நோயாளிய வெறும் ரெக்சின்ல போட முடியுமா?" என்றாள். நானும் நோயாளிதானே, நானும் ரெக்சினில்தானே கிடக்கிறேன் என்றேன். "நீங்க கடைக்காரரு. உங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது என்ன செய்ய? நீ இருந்தால் சொல்லுவாய். நீ சொன்னால் நான் கேட்கமாட்டேன், அது வேறு. கடை போனால் போகட்டும், அவன் கையால் திறக்க வேண்டாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசை நீ பார்த்ததில்லை, பார்க்காமலே இருப்பது நல்லது.

குழந்தை சிரித்தாளா? எழுது.

ரெக்சினில் ஒட்டிக்கிடக்கிற,
உன் வீட்டுக்காரன்

3

என் வீட்டுக்காரிக்கு, உன் கடிதம் வந்தது. நான் எழுதியது ஆறு பக்கம், நீ எழுதியது மூன்று வரி. சாவியைக் கொடுங்கள். துணியில் போடுகிற முடிச்சைச் சொல்லிக்கொடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனாலும் மாத்திரை சங்கதியை மூன்றாவதாக எழுதியிருந்தாய், பேனாவை அழுத்தி எழுதியிருந்தாய், அதைப் பார்த்தேன்.

இதைத் தனியாக இருக்கும்போது படி. மகளிடம் கொடுக்காதே.

நான் பல்பு மாற்ற ஏறவில்லை. பூட்டு மாற்ற ஏறினேன். ஏழாம் பக்கத்தைப் படித்த மூன்றாம் நாள் புதுப் பூட்டு வாங்கிவந்து, ஷட்டரின் மேல் கொண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் சாவி இனி எதற்கும் உதவக்கூடாது என்று. பூட்டைப் போட்டு அழுத்தினேன், "க்ளிக்" என்று சத்தம் கேட்டது, என்ன சந்தோஷம் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தில்தான் ஸ்டூல் நழுவியது. கால் உடைந்ததற்கு நீ யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

சாவியை நான் கொடுத்துவிட்டேன், உன் கடிதம் வரும் முன்னாலேயே. நல்ல புத்தி வந்து கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. போன கடிதம் எழுதிய அன்று மதியம் பக்கத்துக் கட்டில் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். முதுகுத் தோல் ரெக்சினோடு ஒட்டியிருந்தது. உரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மனுஷன் கத்தவில்லை, கொட்டாவிகூட விடவில்லை, என் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். நர்ஸை விட்டுச் சீப்பைக் கூப்பிடச் சொன்னேன். தலையணைக்கு அடியில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். புது சாவி பளபள என்று இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். சீப்பு இருக்கிற பையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் விரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அழுக்கு விரிப்பையும் அவனே வெளுத்துக் கொண்டுவந்தான். ஓரத்தில் எங்காவது சுருக்கம் இருக்குமா என்று படுத்தபடியே தடவித் தடவித் தேடினேன். இல்லை. பாழாய்ப்போனவன், ஒரு சுருக்கம் விட்டிருக்கக்கூடாதா?

இதோடு நின்றிருந்தால் நான் மனுஷன். நிற்கவில்லை.

விரிப்பு முடிந்ததும் வாடிக்கைக்காரர்கள் துணி கேட்டு வந்திருக்கிறார்கள். நான்தான் துணிக்குச் சீட்டு வைப்பதில்லையே. எழுத்துத் தெரியாத காலத்தில் பழகியது, உள்மடிப்பில் கலர் நூலில் முடிச்சு. யாருக்கு எந்தக் கலர், எத்தனை முடிச்சு என்பது என் தலைக்குள் மட்டும்தான். வேறு யாருக்காவது சொல்லிவையுங்கள் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

சீப்பு ஒரு பெரிய பை நிறையத் துணியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டான். ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பைப் புரட்டிக் காட்டி, "இது யாரோடதுண்ணே?" என்று கேட்டான். சொன்னேன். ஆறு துணிக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். நாலு பேர் அவன் சட்டையைப் பிடிக்கட்டும், அந்தத் தலைமுடி கலையட்டும், நீ அங்கிருந்து கேள்விப்பட வேண்டும், இவனையா எழுதினோம் என்று அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். இதுதான் கணக்கு.

பஸ் டிரைவருடைய துணியோடு பள்ளிக்கூட டீச்சரின் பூப்போட்ட சட்டை போய்விட்டது. டிரைவர் பெண்டாட்டி அதை விரித்துப் பார்த்திருக்கிறாள். இது எவளோடது என்று கேட்டதற்கு அந்த ஆள் முழித்திருக்கிறான். ஒன்றும் செய்யாதவனும் அந்தக் கேள்விக்கு முழிக்கத்தான் செய்வான். அன்று காலை அவனுக்குச் சோறு இல்லை. அவள் அந்தச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய், அங்கிருந்து சீப்பையும் இழுத்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டாள்.

என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அவனைப் பிடிபிடி என்று பிடித்தாள். "பதினெட்டு வருஷமா இந்த அண்ணன் ஒரு பட்டன் மாத்திக் கொடுத்ததில்ல. நீ கைய வெச்ச மறுநாளே என் குடும்பத்துல கொள்ளி வெச்சிட்டியே. தல சீவத் தெரிஞ்சா போதுமா?" என்றாள். நான் ஆசைப்பட்டது ஒரு சொல் குறையாமல் நடந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். ராத்திரி பூரா அழுத கண். ஒரு துணியை வைத்துக்கொண்டு தன் புருஷனைப் பற்றி என்னென்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு சாவியை வைத்துக்கொண்டு நினைத்தவன்தானே?

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். திறக்கவில்லை. சீப்புதான் பேசினான். "தப்பு என்னோடதுக்கா. அண்ணன் சரியாத்தான் சொன்னாரு, நான்தான் மாத்தி வெச்சுட்டேன். இது டீச்சரோடது, வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றான். அவள் கொஞ்சம் தணிந்தாள். இருந்தாலும், இனி ஒரு தடவை இப்படி நடந்தால் தெருவே துணியை வேறு கடைக்குக் கொண்டுபோகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நம் கடையைத்தான் சொன்னாள், அவன் கடையை இல்லை. வெளியே தொங்குகிற பலகை நம்முடையதுதானே. அது என் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

அவள் போனதும் சீப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எத்தனை துணி மாற்றிச் சொன்னேன் என்று கேட்டான். ஆறு என்றேன். "மிச்சம் அஞ்சு எதுண்ணே? சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம்" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். தலைமுடியும் இருக்கிறது, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். ஒரு ஆளுக்கு எத்தனைதான் கொடுப்பது?

மேடத்துக்கு இதைச் சொல்லமாட்டேன் என்றான். நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அப்புறம் இரண்டு மதியம் உட்கார்ந்து அறுபத்துமூன்று முடிச்சையும் சொன்னேன். உன் நோட்டில் எட்டாம் பக்கத்திலிருந்து அவன் எழுதினான். கையெழுத்தும் அழகு. மேடம் மேடம் என்கிறாயே, எதற்கு என்று கேட்டும்விட்டேன். அவனும் அந்த வகுப்புக்கு வந்திருக்கிறானாம், அங்கே எல்லாரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடச் சொன்னார்களாம், வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். அவனும் ஒரு நோட்டு எழுதியிருக்கிறான். அவன் இல்லாவிட்டால் யார் என்ற இடத்தில் நம் கடையைத்தான் போட்டிருக்கிறான். கொஞ்சம் மனசு குளிர்ந்தது. அப்புறம் எட்டிப் பார்த்தேன். என் பேர் இல்லை. "எதிர்க்கடை மேடம்" என்று இருந்தது. குளிர்ந்தது மறுபடி பற்றிக்கொண்டது.

அறுபத்துமூன்று என்று எழுதினேன், மொத்தம் அறுபத்துநாலு. உன் துணிக்கு நான் போடுகிற முடிச்சை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. கடை நடக்க அது தேவையில்லை.

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாதம் நிற்கக்கூடாதாம். அதுவரை காலையில் அவன் இரண்டு கடையையும் திறப்பான். நான் நம் கடை வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து அவனை வேலை வாங்குவேன். நீ அவசரப்பட்டு வர வேண்டாம், மகள் எழுந்து நடமாடட்டும். பேத்திக்கு நீண்ட ஆயுசு இருக்கட்டும். மூக்கைத் தவிர எல்லாம் உன் மாதிரி வரட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் நான் கேட்டதாகச் சொல்.

ஒன்றே ஒன்று. மாத்திரையை இரண்டு வேளையும் போடுகிறேன், நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த ஏழாம் பக்கம் இருக்க வேண்டியதுதான் என்று இப்போது தெரிகிறது. அதை நான் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. அவன் பேருக்குக் கீழே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது. நீ வந்ததும், பெட்டியைக் கீழே வைத்ததும், அந்த இடத்தில் உன் கையால் "கடைக்கு மட்டும்" என்று எழுதிவிடு. நானே எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது உன் எழுத்தில் இருந்தால்தான் எனக்குப் படிக்க வரும்.

அதுவரை இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்